பன்னிரண்டு படம், ஒரு கேமரா: செஞ்சியிலிருந்து ஒரு கணக்கு

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மராட்டியரின் ராணுவ நிலவமைப்பு என்ற பெயரில் பட்டியலில் ஏறிய 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. மிஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்து சில மாதம் கழித்து, இந்த ஊர்க்காரரான ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் செல்போனை நீட்டினார். திரையில் ஒரு ரோலைஃப்ளெக்ஸ் கேமரா. சாதாரண ரோலைஃப்ளெக்ஸ் இல்லை. அகலக் கோண லென்ஸ் பொருத்தியது. 1961 முதல் 1967 வரை மட்டுமே தயாரானது, மொத்தமே 4,000 சொச்சம்.

“அண்ணே, கோட்டைய பிலிம்ல எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இது கெடைக்கிறப்ப விட்டுட்டா அப்புறம் கெடைக்குமா?”

கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர் கேட்டதற்குள் இன்னும் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அரிது என்றால் எதில் அரிது? அந்தக் கேமரா இந்த ஊரின் வெயிலிலும் ஈரத்திலும் உயிரோடு இருக்குமா? பிலிம் எங்கே வாங்குவது, யார் கழுவித் தருவது, பழுதானால் யார் கழற்றுவது? இத்தனைக்கும் பிறகு ஒரு படம் என்ன விலைக்கு விழும்? மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கும் ஆசை இப்போது பல இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவருக்கு மட்டுமல்லாமல் மற்றவர்களுக்கும் உதவும்.

நூற்றிருபது என்னும் எண்

மீடியம் ஃபார்மட் என்பது கேமராவின் பெயர் இல்லை, பிலிமின் அளவு. கோடாக் நிறுவனம் 1901இல் தன் பிரௌனி பெட்டிக் கேமரா ஒன்றுக்காக 120 என்ற எண்ணில் ஒரு சுருளை விற்றது. கறுப்புக் காகிதத்தோடு சேர்த்துச் சுற்றிய, ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலப் பிலிம். அதே சுருள் இன்றும் கடையில் கிடைக்கிறது. 120 ஆண்டுகளுக்கு மேல் அளவு மாறாமல் விற்பனையில் நிற்கும் பொருள்கள் நம் வாழ்வில் எத்தனை இருக்கும்?

ஒரு சுருளில் எத்தனை படம் என்பது கேமராவைப் பொறுத்தது. ஆறுக்கு நாலரை அளவில் எடுத்தால் 15 அல்லது 16 படம். ஆறுக்கு ஆறு சதுரத்தில் 12. ஆறுக்கு ஏழில் 10. ஆறுக்கு ஒன்பதில் 8. சதுரப் படத்தின் உண்மையான அளவு 56 மில்லிமீட்டருக்கு 56. நம் கல்யாண ஆல்பங்களை நிரப்பிய 35 எம்எம் பிலிமின் சட்டம் 24க்கு 36. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஒன்று 3,136 சதுர மில்லிமீட்டர், மற்றது 864. மூன்றரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கும்போது பிலிமின் பொடி (கிரெயின்) அவ்வளவாகத் தெரியாது. பாறையின் முகத்துக்கும் பின்னால் இருக்கும் வானத்துக்கும் இடையிலான சாயல்கள் மெதுவாக இறங்கும். மீடியம் ஃபார்மட்டின் புகழுக்கு அடிப்படை இந்தப் பரப்புதான். மற்றவை அதன் மேல் ஏற்றிய நகைகள்.

ஸ்டூடியோக்களின் வேலைக் குதிரை

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே என்ற இருவர் 1920இல் தொடங்கிய நிறுவனம் 1929இல் முதல் ரோலைஃப்ளெக்ஸைக் கொண்டுவந்தது. மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் எடுப்பதற்கு. கேமராவை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையில் பிடித்துத் தலைகுனிந்து பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவரைக் கும்பிடுவது போன்ற நிலை. பத்திரிகைப் படக்காரர்களுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் இது உலகெங்கும் பிடித்துப்போனது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவின் கையிலும் ரோலைஃப்ளெக்ஸ் இருந்தது. நம் காலத்தில், 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற தயானிதா சிங்கின் சதுரப் படங்களும் இந்த 120 சுருளிலிருந்து வந்தவைதான்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஜெர்மன் கேமரா வாங்க முடிந்தவர்கள் குறைவு. ஜப்பானின் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்று நினைத்த நடுத்தரக் குடும்பத்துக்கு, இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. அதற்கும் இதே 120 சுருள்தான். பிலிமும் நம் மலையிலேயே தயாரானது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் விற்றது. பிலிம் ஊட்டியில், கேமரா ஸ்டூடியோவில், இருட்டறை ஸ்டூடியோவின் பின்கட்டில், பழுது பார்ப்பவர் பக்கத்து நகரத்தில். ஒரு காலத்தில் செஞ்சி மாதிரி ஊரில் 120 ரோல் எடுப்பது இப்படி ஒரு முழுச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தது.

பெரிய நெகட்டிவை ஸ்டூடியோக்காரர்கள் விரும்பியதற்குக் கலைக் காரணத்தைவிடக் கைவேலைக் காரணம் பெரிது. முகத்தில் அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், இவற்றையெல்லாம் கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே தொட்டுச் சரிசெய்வார்கள். தபால்தலை அளவு 35 எம்எம் சட்டத்தில் அந்தப் பென்சிலுக்கு இடம் போதாது.

இந்த உலகம் எவ்வளவு வேகமாகக் கரைந்தது என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஈடுபட்ட ஒரு பணி சாட்சி. 1955இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் சொந்தப் புகைப்படத் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பின்னாளில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த குடும்பப் படங்களைத் தேடி எண்மப்படுத்தும் வேலையும் நடந்தது. தேடிப் போக வேண்டிய நிலைக்கு அவை வந்துவிட்டன என்பதே செய்தி. வெள்ளி எடுப்பதற்காகப் பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்களும் உண்டு.

அரிது என்பதில் நான்கு வகை

விற்பவர் ‘ரேர் பீஸ்’ என்று சொன்னால் அது நான்கில் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் வகை, குறைவாகத் தயாரானது. நம் ஆசிரியர் காட்டிய அகலக் கோண ரோலைஃப்ளெக்ஸ் இந்த வகை. 1959இல் வந்த டெலி ரோலைஃப்ளெக்ஸும் அப்படியே. இவற்றை வாங்குவோரில் பலர் அலமாரிக்காக வாங்குபவர்கள். ஆகவே விலையை முடிவுசெய்வது படம் எடுப்பவரின் தேவை இல்லை, சேகரிப்பவரின் போட்டி.

இரண்டாவது, நிறையத் தயாராகி நல்ல நிலையில் குறைவாக மிஞ்சியது. யாஷிகா மேட் 124ஜி 1970 முதல் 1986 வரை தயாரானது, எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முகூர்த்தம் முகூர்த்தமாக உழைத்துத் தேய்ந்தவை ஏராளம். பல்சக்கரம் தேயாத, லென்ஸ் கலங்காத ஒன்று கிடைப்பது இப்போது அதிர்ஷ்டம். விலைப்பட்டியலில் இது அரிதாகத் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, மோஸ்தரால் அரிதானது. 1995இல் வந்த மமியா 7, 1999இல் வந்த கான்டாக்ஸ் 645 போன்றவை ஒரு காலத்தில் தொழில்முறைக் கருவிகள். கல்யாணப் படக்காரர்களும் இணையத்தில் பெயர் பெற்றவர்களும் திரும்ப எடுத்துக் கொண்டாட, விலை ஏறியது. இவற்றில் மின்னணுப் பலகைகள் உண்டு. பலகை செத்தால் கேமரா செத்தது. பல்சக்கரத்தைப் போல அரத்தால் ராவிச் சரிசெய்ய முடியாது.

நான்காவது, சுருளே இல்லாமல் போனதால் அரிதானது. கோடாக் 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 620 சுருள் 1995இல் நின்றது. அதன் பிலிம் அகலம் 120தான், உருளை மட்டும் மெலிந்தது. எனவே இருட்டில் ஒரு உருளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சுற்றிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். இரட்டை நீளம் கொண்ட 220 சுருள் 1965இல் வந்து, ஃபுஜியும் 2018இல் நிறுத்திய பிறகு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கேமராவின் பின்னால் கழற்றி மாட்டும் பிலிம் முதுகில் 220க்கானதை மட்டும் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் கவனம் தேவை.

இந்த நான்கில் படத்துக்கு உதவுவது எது? நேராகச் சொன்னால் ஒன்றுமில்லை. அரிதாக இருப்பது சந்தையின் குணம். நெகட்டிவில் அது பதிவாகாது.

டார்ச் விளக்கும் ஒரு விநாடியும்

ஆசிரியரின் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு யாஷிகா இருப்பது பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது. அவருடைய பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். கடை மூடி இருபது வருடத்துக்கு மேல். பழைய வேட்டியில் சுற்றி, கூடவே இரண்டு நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தார்கள். நாப்தலின் பூச்சிக்கு, பூஞ்சைக்கு இல்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதை மேசையில் வைத்து இருவரும் பார்த்த முறையே எந்தப் பழைய கேமராவையும் பார்க்கும் முறை. முதலில் பின்கதவைத் திறந்து, லென்ஸின் வாயை அகலமாக்கி, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்தபடி பிடித்துக்கொண்டோம். முன்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தோம். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத் தெரியும். சாய்த்து அடித்தால்தான் உள்ளே இருப்பது வெளிவரும். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கொடி ஓடியிருந்தது. அது பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் முளைக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் அதைவிட அதிகமாகவே இருக்கும். கொடியைத் துடைத்துவிடலாம், ஆனால் அது கக்கிய அமிலம் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. எங்கள் அதிர்ஷ்டம், அது மேல் லென்ஸில், பார்ப்பதற்கான லென்ஸில் இருந்தது. எடுக்கும் லென்ஸ் தெளிவு.

அடுத்தது காதுக்கு வேலை. ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். இது ‘கிர்ர்’ என்று தொடங்கி நடுவில் மூச்சு வாங்கியது, பிறகு முடித்தது. எண்ணெய் கோந்தாகிவிட்டது என்று அர்த்தம். வேகமான 1/250, 1/500 ஆகியவை சத்தத்தில் சரியாகத் தோன்றும், ஆனால் காதை நம்ப முடியாது. ஒரு ரோல் எடுத்துத்தான் தெரியும். வெளிச்ச அளவுகோலும் ஓடவில்லை. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது சந்தையிலேயே இல்லை. அந்தக் குறைக்காகக் கேமராவைத் தள்ள வேண்டியதில்லை, செல்போனில் அளவுகோல் செயலி இருக்கிறது.

அரிய ரோலைஃப்ளெக்ஸைப் பார்க்கும்போது மேலும் ஒன்று. அதில் பிலிமின் முன்காகிதத்தை இரண்டு சிறு உருளைகளுக்கு இடையில் நுழைக்க வேண்டும். காகிதத்தோடு பிலிம் சேர்ந்து தடிமன் கூடும் இடத்தை அந்த உருளைகள் தடவிப் பார்த்து உணர்ந்து, முதல் படத்தில் தானே நிற்கும். நுழைக்க மறந்தால் சுருள் நிற்காமல் கடைசிவரை ஓடிவிடும். யாஷிகாவில் இந்த வித்தை கிடையாது. காகிதத்தில் அச்சிட்ட அம்பைக் குறிக்கு நேராக வைத்து மூடினால் போதும். நுட்பமான வித்தை பழுதானால் நுட்பமான கை வேண்டும். ஹாசல்பிளாட் கேமரா வாங்குபவர்கள் பிலிம் முதுகின் உள்தட்டிலும் வெளிக்கூட்டிலும் உள்ள எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே மாதிரி விஷயம். பொருந்தாத ஜோடி என்றால் யாரோ கழற்றிக் கலந்திருக்கிறார்கள்.

படத்தில் பார்த்துப் பணம் அனுப்புவதன் ஆபத்தை இதற்கு மேல் விளக்க வேண்டாம். ‘மின்ட் கண்டிஷன்’ என்ற இரண்டு சொல்லை நம்பி நானும் ஒருமுறை கை சுட்டுக்கொண்டேன். பெட்டியைப் பிரித்தபோது லென்ஸுக்குள் ஒரு தோட்டமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத் தீர்வையும் ஐஜிஎஸ்டியும் சேரும். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்யத் தனி விதிகளும் உண்டு. திருப்பி அனுப்புவது கிட்டத்தட்ட இரண்டாவது தடவை வாங்குவதற்குச் சமம்.

கோட்டை என்ன கேட்கிறது?

கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேமராவிடமே கேட்கிறோம். எடுக்கப்போகும் இடத்தையும் கேட்க வேண்டும்.

செஞ்சி மூன்று மலை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. வெயிலில் கருங்கல் படி ஏறி, உச்சிக்கு முன்னால் பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டிப் போகும்போது கழுத்தில் தொங்குவதன் எடை தெரியும். யாஷிகாவும் ரோலைஃப்ளெக்ஸும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஹாசல்பிளாட் 500சி/எம் லென்ஸோடு ஒன்றரைக் கிலோ. ஆறுக்கு ஏழு எடுக்கும் மமியா ஆர்பி67 இரண்டரைக் கிலோவைத் தாண்டும். ஸ்டூடியோவில் நிற்க வைத்து எடுக்கச் செய்த கருவியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது வீரம்தான். இறங்கும்போது எத்தனை படம் எடுத்தோம் என்று எண்ணினால் வீரம் குறையும்.

அடுத்தது முக்காலி. தொல்லியல் துறையின் சின்னங்களில் கையில் பிடித்துப் படம் எடுப்பதற்கும் முக்காலி வைத்து எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும். கோட்டை பகலில்தான் திறந்திருக்கும். ஆக, விடியலில் முக்காலி வைத்து மெதுவான பிலிமில் எடுக்கும் கனவை முதலிலேயே மடித்து வைக்க வேண்டும். இங்கேதான் இரட்டை லென்ஸ் கேமராவின் பெருமை. எடுக்கும் நேரத்தில் அதற்குள் தூக்கி அடிக்கும் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர். நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கினால் 1/30இல்கூட அசையாமல் எடுக்கலாம். கோட்டையின் பழைய தானியக் களஞ்சியத்தின் அரையிருட்டில் அது பெரிய வரம்.

அகலக் கோணம் அவசியமா? ஆசிரியரின் வாதம் இதில்தான் நின்றது. சாதாரண இரட்டை லென்ஸ் கேமராவின் 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ் கண் பார்வைக்கு நெருக்கமானது. அரிய ரோலைஃப்ளெக்ஸில் இருப்பது 55. வாசல்களின் திருப்பங்களிலும் களஞ்சியத்துக்குள்ளும் அது கூடுதல் இடம் பிடிக்கும், உண்மை. ஆனால் செஞ்சி நெரிசலான கோயில் பிராகாரம் இல்லை. சதுர முற்றத்தின் நடுவே மாடி மாடியாக மேலே போகும் கல்யாண மகாலுக்கோ, சாதத்துல்லா கான் மசூதிக்கோ, வேங்கடரமணர் கோயில் கோபுரத்துக்கோ முன்னால் நின்று பின்வாங்க வெளி இருக்கிறது. மலைகளோ தூரத்தில் நிற்பவை; அகல லென்ஸ் அவற்றைக் குன்றாக்கி, குன்றைக் கல்லாக்கிவிடும். ராஜகிரியின் உயரம் படத்தில் உயரமாகத் தெரிய வேண்டுமென்றால் சாதாரண லென்ஸே நல்லது. பத்தடி பின்னால் நடப்பதற்குக் காசு கிடையாது.

சங்கிலியின் மற்றக் கண்ணிகள்

பிலிம் செத்துவிட்டது என்பது தவறு. ஃபுஜி தன் புரோ 400எச் பிலிமை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. மறு வருடமே கோடாக் தன் கோல்டு 200 பிலிமை 120 அளவில் புதிதாகக் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு, ஃபோமா இரண்டும் இருக்கின்றன. ஒரு கதவு மூடினால் ஒரு ஜன்னல் திறக்கிறது. ஆனால் செஞ்சிக் கடைவீதியில் அந்த ஜன்னல் இல்லை. பிலிம் கூரியரில் வர வேண்டும். எடுத்த பிலிம் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் போக வேண்டும். சித்திரை வெயிலில் வேன் கூண்டுக்குள் அது எத்தனை நாள் கிடக்கிறது என்பது நம் கையில் இல்லை.

இருக்கும் ஒரு வழி, கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுவது. நூல்கள் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி. இங்கே மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதம் அதைவிட எவ்வளவோ மேல். பழைய ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள்: பாலிதீன் பையில் பனிக்கட்டி கட்டி டிரேயைச் சுற்றி வைப்பது, சூட்டில் இளகும் பிலிம் மேல்பூச்சை இறுக்க ஃபிக்ஸரில் படிகாரம் சேர்ப்பது. கைவிட்டு பிலிம் மாற்றும் கறுப்புப் பைக்குள் இரண்டு நிமிடத்தில் கை வியர்த்து, பிலிம் உருளையில் ஏறாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலையை அதிகாலை நாலரைக்கு வைத்துக்கொள்வது உத்தமம். இது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை.

கற்றுக்கொள்ள முடியாதது பழுது பார்ப்பது. ரோலைஃப்ளெக்ஸ் செய்த நிறுவனம் 1981இல் நொடித்து, கைமாறி, 2009இல் மறுபடி நொடித்தது. வழித்தோன்றலாக வந்ததும் 2015இல் மூடியது. யாஷிகாவை விழுங்கிய கியோசெரா 2005இல் கேமராத் தொழிலையே விட்டது. ஹாசல்பிளாட்டின் பழைய வரிசை 2013இல் முடிந்தது. ஆக, இந்தக் கேமராக்களுக்கு இனி புது உதிரிபாகத்தை எதிர்பார்க்க முடியாது. ஒன்று சாக வேண்டும், அதன் உறுப்பால் இன்னொன்று பிழைக்க வேண்டும். பல்லாயிரம் செய்த யாஷிகாவுக்கு உறுப்பு தர இன்னொரு யாஷிகா கிடைக்கும். 4,000 மட்டும் செய்த கேமராவுக்கு யார் தருவார்கள்? அரிதாக இருப்பதை விற்பவர் சிறப்பாகச் சொல்கிறார். மெக்கானிக் அதையே நோயாகச் சொல்வார். அந்த மெக்கானிக்கே இப்போது கேமராவைவிட அரியவர்.

1858இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் படமெடுத்துத் திரிந்த லின்னயஸ் டிரைப் ரசாயனம், காகிதம், கேமரா என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏனென்றால் அவர் காலத்தில் சங்கிலி இன்னும் உருவாகவில்லை. நம் காலத்தில் அது அறுந்துவிட்டது. இரண்டு காலத்துக்கும் விதி ஒன்றே: முழுச் சங்கிலியையும் தூக்கத் தயாராக இருப்பவரே படமெடுக்க முடியும்.

கணக்கு

இந்த எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். அரிய கேமரா 60,000 ரூபாய், சர்வீஸ் 10,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண யாஷிகா 25,000, சர்வீஸ் அதே 10,000. பிலிம் ஒன்று 1,000. கழுவி, ஸ்கேன் செய்து, கூரியரும் சேர்த்து 700. ஆக ரோலுக்கு 1,700, படம் பன்னிரண்டு.

வருடத்துக்கு 20 ரோல் எடுப்பவருக்கு ஐந்து வருடத்தில் 100 ரோல், 1,200 படம். பிலிம் செலவே 1,70,000. அரிய கேமராவோடு மொத்தம் 2,40,000. படம் ஒன்று 200 ரூபாய். சாதாரணக் கேமராவோடு 2,05,000. படம் ஏறக்குறைய 171. வித்தியாசம் 29 ரூபாய், ஒரு படத்துக்கு இரண்டு டீ.

வருடத்துக்கு 4 ரோல் மட்டும் எடுப்பவருக்கு ஐந்து வருடத்தில் 240 படம். அரிய கேமராவில் படம் ஏறக்குறைய 433 ரூபாய், சாதாரணத்தில் 287.50. இப்போது வித்தியாசம் 146.

இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அரிய கேமரா உண்மையில் யாருக்குக் கட்டுபடியாகும்? நிறைய எடுப்பவருக்கு. ஆனால் நிறைய எடுப்பவர் கையில்தான் அது தேயும், உதிரிபாகம் இல்லாமல் நிற்கும். குறைய எடுப்பவர் கையில் அது பத்திரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு படமும் தங்க விலை. ஆசை பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்குத்தான் வருகிறது. நிறைய எடுப்பவருக்குக் கேமராவைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை.

எதிர்வாதங்கள்

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முதலாவது, அரிய கேமராவின் விலை பெரும்பாலும் விழுவதில்லை. விற்றால் பணம் திரும்பும் என்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் சரி. ஆனால் நல்ல நிலையில் வைத்திருப்பதே செலவு. ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் நிறுத்தும் உலர் பெட்டி வேண்டும், மாதம் ஒருமுறையாவது எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்ட வேண்டும். முதலீட்டுக்காக வாங்கும் கேமராவை மலைக்கு எடுத்துப்போக மனம் வராது. மலைக்கு எடுத்துப்போகாத கேமரா நம் கேள்விக்கு வெளியே.

இரண்டாவது, டிஜிட்டலே இருக்க பிலிம் எதற்கு? கோட்டையை ஆவணப்படுத்த மட்டும் என்றால் டிஜிட்டல் போதும், மேலானதும்கூட. செஞ்சியின் அரண் அமைப்பைச் சுவர் சுவராக அளந்து 2005இல் நூலாக்கிய ழான் தெலோஷுக்குத் தேவைப்பட்டது பொறுமை. கேமராவின் வம்சாவளி இல்லை. பிலிமுக்கு ஆதரவாக நான் ஏற்கும் காரணம் ஒன்றே: பன்னிரண்டு படம்தான் என்று தெரிந்தால் ஆள் நிற்பான். பார்ப்பான். மேகம் நகரக் காத்திருப்பான். அந்தக் கட்டுப்பாட்டைப் பெரியப்பாவின் யாஷிகாவும் தரும், அதிலும் பன்னிரண்டுதான்.

மூன்றாவது, ஆசைக்கு விலை உண்டா? இதற்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. நல்ல இயந்திரத்தைக் கையில் பிடிக்கும் இன்பம் உண்மையானது. அதற்காகவே வாங்குவதாக ஒருவர் தனக்குத் தானே ஒப்புக்கொண்டால், வாங்கலாம். செஞ்சிக் கோட்டைக்காக வாங்குகிறேன் என்று கோட்டையின் தலையில் பழியைப் போடாமல் இருந்தால் சரி.

முடிவு

இத்தனையையும் நிறுத்துப் பார்த்தால் அரிய மீடியம் ஃபார்மட் கேமராவை வாங்க மூன்று நிபந்தனைகள் நிற்கின்றன. ஒன்று, நேரில் பார்த்து, டார்ச் அடித்து, ஒரு ரோல் எடுத்துச் சோதித்த பிறகே பணம். இரண்டு, அந்த மாதிரியைக் கழற்றிப் பழகிய ஒரு கை, போய்வரும் தூரத்தில் இருப்பது உறுதியாகத் தெரிய வேண்டும். மூன்று, அதே அளவுச் சுருளில் சாதாரணக் கேமராவால் ஏற்கெனவே பத்து ரோலாவது எடுத்து, இந்த லென்ஸ் இல்லாததால் இன்ன படம் தவறியது என்று விரல்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பது நல்லது.

ஆசிரியர் மூன்றாவதில் நின்றுவிட்டார். அவர் இதுவரை எடுத்தது ஒரு ரோல்கூட இல்லை. எந்தப் படம் தவறியது என்று எப்படிச் சொல்வார்? யாஷிகாவைச் சென்னையில் ஒரு வயதானவரிடம் கொடுத்து எண்ணெய் மாற்றி வாங்கினார். ஒரு விநாடி இப்போது ஒரே மூச்சில் ஓடுகிறது. அந்த ரோலைஃப்ளெக்ஸ் வேறு யாருக்கோ போய்விட்டது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை.

கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் பத்து ரோல் வாங்கினார். அவை அவர் வீட்டு பிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், உறையோடு அடுக்கி இருக்கின்றன. முந்தின இரவு ஒன்றை வெளியே எடுத்து வைத்துக் குளிர் இறங்கிய பிறகே பிரிக்க வேண்டும் என்று மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நூற்றிருபது படம். அதற்குள் கோட்டை அவருக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்று சொல்லிவிடும்.